துரை போட்ட முட்டைகள்

மீன்தொட்டிக் கடைக்கு மீன் வாங்க வருகிறவர்களை விட, செத்த மீனைக் கவரில் போட்டுக்கொண்டு நியாயம் கேட்க வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. இதே தொழிலில் இருக்கும் சகபாவிகளுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. தண்ணீரை மாற்றச் சொன்னால் ஏன் மாற்றச் சொன்னாய் என்பார்கள், சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்தொன்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன். மீன், லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, ஊருக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் கிளி, எல்லாம் பார்த்தாகிவிட்டது.

மீன் சாவது கூடப் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. நம்மிடம் தொழில் கற்றுக்கொண்டவன் பக்கத்து ஊரில் நம்மை விடப் பெரிய கடை வைப்பது. அவன் நம் சம்சாரத்தின் தம்பியாகவும் இருந்துவிட்டால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் எதிரில் சிரித்தபடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உங்களுக்கும் அப்படி ஒரு மச்சான் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வெள்ளி ஆமை

துரை என்பது எங்கள் கடையில் இருந்த ஆமை. ஆப்பிரிக்க ஜாதி. நம் ஊர் ஆமையைப் பிடித்து வளர்த்தால் கேஸ் போடுவார்கள். இது வெளிநாட்டு ஆமை, முறைப்படி பதிவு செய்த காகிதம் உண்டு. அடுத்த தெருவில் குடியிருந்த ஒரு வங்கி அதிகாரி வடக்கே மாற்றலாகிப் போகும்போது, சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்ததை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஏழு வருஷத்தில் அது முக்காலி அளவுக்கு வளர்ந்து, தூக்க இரண்டு பேர் வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. கடையின் சிமெண்டுத் தரையில் மேலும் கீழும் நடக்கும். யார் குறுக்கே நின்றாலும் ஒதுங்காது. அந்த நடையைப் பார்த்துத்தான் துரை என்று பெயர் வைத்தேன்.

ஆமை உள்ளே வந்தால் குடும்பம் விளங்காது என்று நம்புகிற ஊரில், ஆமையை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மா தங்கமீன் வாங்க வந்தார். தொட்டி, கூழாங்கல், காற்று மோட்டார் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. பில் போடப் பேனாவை எடுக்கிறேன், துரை மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது. அந்த அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். மீனும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். அவர் விரலைப் பார்த்தேன். ஆமை மோதிரம். "ஏம்மா, நீங்களே ஆமையை விரல்ல போட்டுக்கிட்டு இருக்கீங்களே" என்றேன். அவர் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"இது வெள்ளிங்க. இது வந்தா நல்லது வரும். உங்களுது தின்னுக்கிட்டு இல்ல இருக்குது."

சண்டை

எந்தப் பிராணியைக் காட்டினாலும் ஆணா பெண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. லவ் பேர்ட்ஸை மூக்கைப் பார்த்துச் சொல்வேன், கப்பி மீனை வாலைப் பார்த்துச் சொல்வேன். துரை ஆண் என்று சொன்னதும் நான்தான். பதிவுக் காகிதத்தில் ஆண் என்று எழுதியதும் நான்தான். அப்படி ஒரு நடை நடப்பது பெண்ணாக இருக்க முடியாது என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெய்வேலி இன்ஜினியர் ஒருவர் குடும்பத்தோடு வெளியூர் போனபோது, தன் ஆமையை இருபது நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போனார். அதுவும் அதே ஜாதி, நிச்சயமாக ஆண். வந்த மூன்றாம் நாள் அது துரையைச் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டில் முட்டியது, அப்புறம் மேலேயே ஏறிவிட்டது. இரண்டு ஆம்பளைகள் இடத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விலக்கப் போனேன். கடையில் தொட்டி கழுவுவது அஞ்சலை. தேவனாம்பட்டினத்துக்காரி, என்னை விட நாலு வயசு சின்னவள். அவள் கையில் இருந்த ஸ்பாஞ்சைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"வுடுங்கண்ணே. இந்தச் சண்டைய வெலக்குனா பாவம்."

வாளி

அஞ்சலைக்கு ஆமை புதிதில்லை. தை, மாசியில் கடலாமைகள் கரையேறி மணலில் முட்டை போட்டுவிட்டுக் கடலுக்கே திரும்பிவிடும். நாய் தோண்டுவதற்கு முன்னால் வனத்துறை ஆட்கள் அந்த முட்டைகளை எடுத்து, வேலி கட்டிய இடத்தில் மறுபடியும் புதைத்துப் பொரிக்க வைப்பார்கள். அஞ்சலையின் வீட்டுக்காரர் படகு போகாத நாட்களில் அந்த வேலைக்குப் போவார். வாளியில் மணலைப் போட்டு, முட்டையை இருந்த வாக்கிலேயே எடுத்து வைத்து, வாளி ஆடாமல் நடந்து வர வேண்டுமாம். கைக்குழந்தையோடு பஸ் ஏறுவது போல நடப்பார் என்று அவள் நடந்தே காட்டினாள்.

நான் எல்லாம் தெரிந்தவன் போல, "முட்டைன்னா அப்பப்போ திருப்பி விடணுமே, கோழி அப்படித்தானே பண்ணும்?" என்று கேட்டு வைத்தேன். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோழி முட்டைய திருப்பலன்னா கெட்டுடும்ண்ணே, ஆமை முட்டைய திருப்பினா கெட்டுடும். மேல இருக்கறது கடைசி வரைக்கும் மேலயே இருக்கணும்."

கடலூரைத் தாண்டி

இப்போது மச்சானுக்கு வருவோம். பெயர் வேலு. என் சம்சாரம் கலாவுக்கு ஒரே தம்பி. பண்ருட்டிப் பக்கம் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் ஆறு வருஷம் முட்டை பொரிக்கும் மெஷினோடு மல்லுக்கட்டியவன். பண்ணையை மூடியதும் என் கடைக்கு வந்தான். மீனுக்கு என்ன சீக்கு என்று செதிலைப் பார்த்துச் சொல்வது, தண்ணீரை முகர்ந்து பார்ப்பது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. மூன்றாவது வருஷம் சிதம்பரத்தில் தனிக்கடை போட்டான்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கத் தொட்டி, பின்பக்கம் மண் தரையோடு ஒரு தோட்டம். காலேஜ் பசங்கள் சும்மா பார்க்கவே வருகிறார்கள், வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் கடை மின்விசிறி இன்னும் கடகடவென்றுதான் சுற்றுகிறது. கலா சும்மா இருப்பாளா, "தம்பி கடையில தண்ணி என்னமா பளிச்சுனு இருக்கு" என்பாள். அது என் ஃபார்முலா என்று சொன்னால், "அப்ப இங்க ஏன் கலங்கலா இருக்கு?" என்பாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சென்னையிலிருந்து மொத்த வியாபாரி வண்டி வாராவாரம் வரும். ஆக்ஸிஜன் அடைத்த கவர்களில் மீன். சென்னையிலிருந்து வந்தால் முதலில் கடலூர், அப்புறம்தான் சிதம்பரம். சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வண்டி என் கடை வாசலைத் தாண்டி நிற்காமல் போவதை நானே பார்த்தேன். மதியம் திரும்பி வந்து இறக்கினார் டிரைவர். ஏன்யா என்று கேட்டேன்.

"சிதம்பரம் லோடு ஜாஸ்திண்ணே, மீன் தாங்காது. உங்களுது ரெண்டு கவர்தானே, அது எப்ப வந்தா இன்னா?"

வாரம்

போன வருஷம் வேலு வந்து துரையைக் கேட்டான். "உங்க கடைக்கு வர்றவங்க பயப்படுறாங்களாமே மாமா, அக்கா சொல்லுச்சு. எனக்குக் குடுங்க, பின்னாடி எடம் இருக்கு" என்றான். எனக்கு வேண்டாத பொருளாக இருந்தாலும் அவன் கேட்டால் கொடுக்க மனசு வராது. ஆனால் வெள்ளி மோதிர அம்மாவைப் போல மாதம் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். தவிர, அவனிடமும் நாலு பேர் ஓடட்டுமே என்று ஒரு நப்பாசை.

சும்மா தூக்கிக் கொடுத்தால் என் கௌரவம் என்ன ஆவது? "வாரத்துக்குத்தான் குடுப்பேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் ஆடு, மாடு, கோழியை வாரத்துக்கு விடுவார்கள். ஒருவர் பிராணியை இன்னொருவர் வளர்ப்பார். போடும் குட்டியில் ஆளுக்குப் பாதி. அஞ்சலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். காகிதத்தில் வளர்ப்பவர் பெயரை மாற்றி, குட்டியானை வண்டியில் துரையை ஏற்றினோம். வேலு வண்டியில் ஏறிக்கொண்டே சிரித்தான்:

"ஆம்பளை ஆமைக்கு ஏது மாமா வாரம்?"

துரைசாணி

மாசி மாதம் ஒரு நாள் வேலுவின் போன். "மாமா, துரை நாலு நாளா எதையும் தொட மாட்டேங்குது. தோட்டத்துல அங்க ஒரு குழி, இங்க ஒரு குழின்னு பறிச்சுக்கிட்டே இருக்குது." நான் யோசிக்கவே இல்லை. "உஷ்ணம். வெள்ளரிக்காய் போடு" என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் போன். "மாமா, துரை முட்டை போட்டுச்சு மாமா! பதிமூணு!"

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பொய் சொல்லவில்லை. ஒரு மூன்று விநாடி இருக்கும். அப்புறம், ஏழு வருஷம் கீரையும் புல்லும் போட்டு வளர்த்த என் கடையில் போடாமல் அவனிடம் போய்ப் போட்டிருக்கிறதே என்று தோன்றியது. அவ்வளவுதான், உடம்பெல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டது. கடையை அஞ்சலையிடம் விட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். குடிகாடு தாண்டி ஆலப்பாக்கம் வருவதற்குள், முட்டை எல்லாம் வெறும் முட்டையாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை வேண்டிக்கொண்டேன்.

அங்கே போனால் கடை வாசலில் கூட்டம். என் ஊரில் ஆமையைப் பார்த்து ஓடினார்களே, இங்கே ஒரு பெண்மணி துரைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். பெருமாள் எடுத்த அவதாரமாம், அதுவும் முட்டையோடு வந்திருக்கிறதாம். பெயரையும் மாற்றிவிட்டார்கள். துரைசாணி. தகவல் கேட்டு வந்திருந்த கால்நடை டாக்டர் ஒருவர் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். ஆமை ஒரு தடவை சேர்ந்தால் போதும், ஒன்றிரண்டு வருஷம் கழித்துக் கூட உயிருள்ள முட்டை போடும். அப்படியானால் அந்த நெய்வேலிச் சண்டை என் கடையில் நடந்தது! இரண்டாவது விஷயம், அது முட்டை போட மண் வேண்டும். சிமெண்டுத் தரையில் போடாமல் முடிந்தவரை அடக்கி வைத்துக்கொள்ளும், அதில் செத்துப்போவதும் உண்டு. யார் சிமெண்டுத் தரையில் வைத்திருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வேலு என்னை உள்ளே கூட்டிப்போனான். பழைய பண்ணையிலிருந்து வாங்கி வைத்திருந்த மெஷினில் பதின்மூன்று முட்டைகள், டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி உருண்டையாக, வெள்ளை வெளேரென்று. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். "கோழிக்கு முப்பத்தேழு டிகிரி சூடு வெப்போம். இதுக்கு எவ்ளோ மாமா?" என்று கேட்டான். முப்பது என்றேன். கேட்டதைச் சரியாகச் சொன்னேன். அந்தப் பென்சில் குறி எதற்கு என்று எனக்குத் தெரியும். பண்ணையில் முட்டையைத் திருப்புகிறவர்கள் போடும் குறி அது. அஞ்சலையின் வாளி என் கண் முன்னால் வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. வேலு மெஷின் கதவைச் சாத்திவிட்டுப் பெருமையாகச் சொன்னான்:

"ஒரு நாளைக்கு மூணு வாட்டி திருப்பப் போறேன் மாமா. ஆறு வருஷப் பழக்கம், ஒரு வாட்டி கூடத் தவறாது."

பாலினம்

ஆண் என்று எழுதிய காகிதத்தைத் திருத்த வேண்டுமே. முதலில் எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதால், திருத்த மனு போட மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அங்கே இருந்த பெண், மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டும் என்றாள். காதோடு சொன்னேன். அவள் காதோடு கேட்கிற ரகம் இல்லை. முழு வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"சார், ஆம்பளைன்னு நீங்களே எழுதிட்டு, இப்ப அது முட்டை போட்டுடுச்சுன்னா நான் காரணத்துல இன்னா சார் போடுறது?"

பாதி வீடியோ

முட்டை போட்ட நாலாம் நாள் வேலுவின் பேட்டி யூடியூப்பில் வந்தது. கலா காலையிலேயே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். கடைக்கு வந்து நானும் போட்டுப் பார்த்தேன். புதுச்சட்டை, பக்கத்தில் மாலையோடு துரைசாணி. "வந்த அன்னிக்கே இது பொண்ணா இருக்குமோன்னு எனக்கு ஒரு டவுட்டு இருந்துச்சு" என்று ஆரம்பித்தான். அந்த இடத்திலேயே அணைத்துவிட்டேன். அதற்கு மேல் பார்த்தால் போனை மீன்தொட்டிக்குள் போட்டுவிடுவேன் என்று பயம்.

ஆனால் ஊர் விடுமா? மீன் தீனி வாங்க வருகிறவன் கூட அந்த வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டினான். தினம் தீனிப் பொட்டலம் வாங்கும் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் மட்டும் எதையும் நீட்டவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஏழு வருஷத்துல உங்களுக்கு ஒரு நாள் கூட டவுட்டு வரலியா சார்?"

ஸ்பாஞ்சு

வேலு தினம் காலை கடை திறந்ததும் எனக்கு போன் செய்வான். "சூடு முப்பதுலதான் இருக்குது மாமா, சரியா?" சரி. "கிண்ணத்துல தண்ணி வெச்சிருக்கேன், ஈரம் போதுமா?" போதும். கடைசியாக, "வேற ஏதாவது கவனிக்கணுமா மாமா?" ஒன்றுமில்லை. தினம் இதே பேச்சு. தொழில் கற்ற நாளில் கேட்டது போலவே பணிவாகக் கேட்பான். அந்தப் பணிவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் வாய் தவறிவிட்டது. அஞ்சலை பெரிய தொட்டிக்குள் தலையை விட்டுப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாள். "உங்க ஊரு விஷயம் அவனுக்குத் தெரியாது. கோழி முட்டைன்னு நெனச்சு மூணு வேளையும் திருப்புறான்" என்று சிரித்தேன். தேய்க்கிற சத்தம் நின்றது. "நீங்க சொல்லலியா?" என்றாள். "அவன் கேக்கல, நான் சொல்லல" என்றேன். அவள் தொட்டியிலிருந்து தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தாள். சண்டைக்காரி அவள், கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்:

"உங்க மச்சான் சரிண்ணே. அந்த முட்டைங்க உங்கள இன்னா பண்ணுச்சு?"

மீதி வீடியோ

அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று வைத்துவிடுவேன். மறுநாள் காலை அவனே போன் செய்வான், வேற ஏதாவது கவனிக்கணுமா மாமா என்பான், ஒன்றுமில்லை என்பேன். ஒவ்வொரு நாளும் சொல்வது முதல் நாளை விடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

பன்னிரண்டாம் நாள் குடிகாட்டிலிருந்து ஒருவர் டூவீலரில் வந்தார். கம்பெனியில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், யூனிபார்ம் கூட மாற்றவில்லை. அவர் மகள் வளர்க்கும் தண்ணீர் ஆமைக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டதாம். சிதம்பரத்துக்கே போயிருக்கலாமே, அங்கேதான் பெரிய ஆள் இருக்கிறாரே என்றேன், கசப்பாகத்தான். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்:

"அவருதான் சார் வீடியோ கடைசில சொன்னாரு. ஆமைன்னா எங்க மாமாதான், கடலூர்ல இருக்காரு, அவரக் கேக்காம நான் எதையும் செய்ய மாட்டேன், தொழில் குடுத்த சாமின்னு. நீங்க அத பாக்கலியா?"

தெரியும்

ஆமைக் கண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, டாக்டரிடமும் காட்டச் சொல்லி அவரை அனுப்பினேன். அப்புறம் வீடியோவைப் போட்டு, அணைத்த இடத்திலிருந்து பார்த்தேன். அந்த டவுட்டு பேச்சுக்கு அடுத்த வரியே, "ஆனா மாமா ஆம்பளைன்னாரு, அதனால நானும் அப்படியே வுட்டுட்டேன்" என்று இருந்தது. அந்தச் சாமிப் பேச்சு கடைசியில்தான். புதுச்சட்டையில் கை கூப்பிக்கொண்டு சொல்கிறான், படுபாவி.

உடனே போன் செய்தேன். "வேலு, முட்டையத் திருப்பாத. ஆமை முட்டைய திருப்பக்கூடாது. எனக்கு மொத நாளே தெரியும்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் நிதானமாகத்தான் பதில் சொன்னான்:

"தெரியும் மாமா. அஞ்சலை அக்கா ஆறாம் நாளே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறமும் தெனம் உங்களக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சின்னது

ஆறு நாள் திருப்பியது திருப்பியதுதான். பதின்மூன்று முட்டையில் ஒன்று கூடத் தேறவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது ஐந்தில் மட்டும் ரத்தக்கோடு ஓடி நின்றிருந்தது என்று வேலு கலாவிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை. போனும் நின்றுவிட்டது. கலாவுக்கு விஷயம் தெரிந்து, சாம்பாரை ஊற்றும்போது கரண்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள். அந்த ஐந்து கோடுகளை நினைத்துக்கொண்டே நான் சாப்பிட்டேன்.

ஆனி மாதம் நல்ல ஒரு மழை பெய்தது. அடுத்த நாள் கடைக்குள் வேலு வந்து நின்றான், கையில் செருப்பு டப்பா. முட்டையைத் தோண்டி எடுத்த அன்று அவசரத்தில் குழியின் ஓரத்தில் இரண்டை விட்டுவிட்டிருக்கிறான். யாரும் மெஷினில் வைக்காமல், யாரும் திருப்பாமல், யாரும் போனில் யோசனை சொல்லாமல் அந்த இரண்டும் மண்ணுக்குள்ளேயே கிடந்து பொரிந்து, மழை ஈரத்தில் மேலே வந்துவிட்டன. டப்பாவில் ஈரத்துணி மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு. பிறந்த அன்றே அதே துரை நடை. அஞ்சலை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இது எதுக்கு எனக்கு?" என்றேன். "வாரம்தானே மாமா பேச்சு, சாட்சி கூட இங்கதான் நிக்குது" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மறந்து போய்ச் சொல்லாம இருக்கல வேலு. வேணும்னுதான் சொல்லல. பொறாமை" என்று அஞ்சலை எதிரிலேயே சொல்லிவிட்டேன். வேலு டப்பாவை மேஜையில் வைத்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"தெரியும் மாமா. அதான் ரெண்டுல உங்களுக்குச் சின்னதா பாத்து எடுத்தாந்தேன்."

சிமெண்டைப் பெயர்த்து மண் கொட்டிய இடத்தில் என் குட்டி நன்றாகத்தான் தின்கிறது. வேலுவின் குட்டி இரண்டு கிராம் கூடுதல் என்று நேற்று தெரிந்ததிலிருந்து எனக்குத்தான் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.